கைமாறி வந்த பாதுகாப்புச் சாவி: இரகசியங்களின் பிறப்பிடமும் மறுநிரலாக்கமும்

1. ஆய்வுப் பொருள்

இணையக் கணக்குகளில் உள்நுழையப் பயன்படும் சிறு கருவியான, யூபிகோ நிறுவனத்தின் யூபிகீ 5 வரிசைச் சாவியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பிறர் பயன்படுத்திய சாவியை வாங்குவோர், அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளிருக்கும் இரகசியங்கள் வேறு எவருக்கேனும் தெரியுமா என்று முதலில் கேட்க வேண்டும்.

2. இரகசியம் பிறக்கும் இடம்

சாவியில் ஓடிபி எனும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கான இரண்டு ஸ்லாட்டுகள் உண்டு. முதலாவதில் 128 பிட் ஏஇஎஸ் இரகசியம் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும், இரண்டாவது காலி. தொட்டதும் வெளிவரும் 44 எழுத்துகளில் முதல் 12 சாவியின் அடையாளம். மற்ற 32 அந்த இரகசியத்தால் மறையாக்கப்பட்டவை. முந்தைய உரிமையாளர் ஸ்லாட்டைத் தாமே நிரப்பியிருந்தால் இரகசியத்தின் நகல் அவரிடம் இருக்கக்கூடும். சாவி கைமாறிய பிறகும் அதே வகை ஓடிபியை அவரால் உருவாக்க முடியும். ஸ்லாட்டில் வைக்கும் நிலையான கடவுச்சொல்லுக்கும் இது பொருந்தும். கடவுச்சொல் இன்றி உள்நுழைய உதவும் ஃபிடோ2 முறையின் மறையாக்கச் சாவிகளோ கருவிக்குள்ளேயே பிறக்கின்றன. அவற்றை வெளியே எடுக்கும் கட்டளையே கிடையாது. பிஐவி, ஓபன்பிஜிபி ஆகிய மற்ற பகுதிகளின் மறையாக்கச் சாவிகள் உள்ளேயே பிறந்திருக்கலாம், வெளியிலிருந்து எழுதப்பட்டும் இருக்கலாம்.

3. மறுநிரலாக்கம்

முதல் ஸ்லாட்டின் ஓடிபி ‘சிசி’ எழுத்துகளில் தொடங்கி, யூபிகோவின் சோதனைத் தளத்திலும் தேறினால் அதைத் தொடாமல் விடலாம். விற்றவருக்கு அந்த இரகசியம் தெரியாது. அழித்தால் அது திரும்பி வராது. மற்றபடி, யூபிகோவின் மென்பொருளைக் கொண்டு ஸ்லாட்டுகளை அழித்துப் புதிதாக எழுதுவதே சரி. கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகத்துக்காக எழுதும் இரகசியத்தைக் காகிதத்திலும் குறித்துப் பூட்டி வையுங்கள். சாவியிலிருந்து அதைத் திரும்பப் படிக்க முடியாது. அந்தக் குறிப்பு இல்லாமல் சாவி தொலைந்தால் பெட்டகமும் திறக்காது.

ஃபிடோ2 பகுதியை, சாவியைச் செருகிய சில நொடிகளுக்குள் ரீசெட் கட்டளை கொடுத்துத் தொட்டு உறுதிசெய்தால் துடைக்கலாம். பழைய பின் எண் தேவையில்லை. பிஐவி பகுதியை ரீசெட் செய்ததும் அதன் பின் எண் 123456 என்றும், பூட்டிய பின் எண்ணை விடுவிக்கும் பியுகே 12345678 என்றும் ஆகும். ஊரறிந்த இவ்விரண்டையும் உடனே மாற்ற வேண்டும்.

4. மாறாதவை

இச்சாவியின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வழியில்லை. சாவியைக் கையில் வைத்திருப்பவர் உள்ளிருக்கும் மறையாக்கச் சாவியைக் களவாட வழிதரும் யூக்லீக் ஓட்டையை 2024 செப்டம்பரில் நிஞ்ஜாலேப் ஆய்வுக்குழு வெளியிட்டது. அது 5.7-க்கு முந்தைய ஃபர்ம்வேர் கொண்ட யூபிகீ 5 சாவிகளில் நிலைத்திருக்கும். ஆனால் ரீசெட்டுக்குப் பின் புதிய ஃபிடோ2 சாவிகள் பிறப்பதால், விற்றவர் அவ்வழியே முன்பு திருடியிருந்தாலும் அது பயன்படாது. இனிமேல் சாவி திருடர் கையில் சிக்கினால்தான் ஆபத்து. உள்ளே பிறந்தது என்பதாலேயே எதையும் நம்பிவிடவும் கூடாது. 2017-இல் வெளிப்பட்ட ரோகா குறைபாட்டால், 4.2.6 முதல் 4.3.4 வரையிலான ஃபர்ம்வேர் கொண்ட யூபிகீ 4 தனக்குள் உருவாக்கிய ஆர்எஸ்ஏ சாவிகளே வலுவிழந்திருந்தன.

ஸ்லாட்டுகளை 6 பைட் அணுகல் குறியீட்டால் பூட்டவும் முடியும். அக்குறியீடு தெரியாமல் அவற்றை அழிக்கவோ மாற்றவோ இயலாது. அப்படிப் பூட்டிய சாவியை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.