ரேவல் சின்னி: ஒரு கிழங்கின் பெயர் வந்த வழி

காந்திபுரம் நகரப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில் ரேவல் சின்னி கேட்டேன். "கிழங்குங்களா, பாலுங்களா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். ஆங்கிலத்தில் ருபார்ப் எனப்படுவதற்கு நம் அகராதிகள் தரும் சொல் இரேவற்சின்னி. அகராதியில் ஒன்றாக இருப்பது கடையில் இரண்டாவது ஏன்? இச்சொல் நடந்து வந்த வழியைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

'சின்னி' என்பது சிறியது என்னும் பொருள்படும் தமிழ்ச் சொல்லன்று. பாரசீகர் இக்கிழங்கை ரேவந்த் என்றனர். சீனத்திலிருந்து வந்தது ரேவந்த்-சீனி. நாம் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்பதிலும் அதே சீனந்தான் ஒளிந்திருக்கிறது. (கொங்கு நாட்டார் அதனை அஸ்கா என்பர், அது ஒடிசாவில் சர்க்கரை ஆலை இருந்த ஓர் ஊரின் பெயர்.) ஆனால் பொருளின் பெயர் எப்போதும் பிறந்த நாட்டைச் சொல்லும் என்று நம்பிவிடலாகாது. பறங்கிப்பட்டையும் சீனத்துச் சரக்கே. அது 1535ஆம் ஆண்டளவில் கோவாவில் அறிமுகமாயிற்று என்று அங்கு வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா எழுதுகிறார். கொண்டுவந்தவர் பெயரே அதற்கு நிலைத்தது. 'பறங்கி'யும் அரபு, பாரசீக வழியில் வந்த சொல்தான் என்பது வேறு கதை.

கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதஸ் முதல் நூற்றாண்டிலேயே 'ரா' என்னும் வேரைப் பற்றி எழுதினார். வோல்கா ஆற்றுக்கும் அக்காலத்தில் ரா என்றே பெயர். அந்நியர் நிலத்து 'ரா' என்னும் பொருள்பட இலத்தீனில் வழங்கிய 'ரா பார்பரும்' என்பதே பிற்காலத்தில் ருபார்ப் ஆயிற்று. தியோஸ்கோரிதஸின் நூலை ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் இஸ்திஃபான் இப்னு பஸீல் அரபியில் பெயர்த்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் திருத்தினார். இருவரும் கிறிஸ்தவர்கள். சுல்தான் ஸலாஹுத்தீனின் மருத்துவர் இப்னு ஜுமைஃ ராவந்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்; அவர் யூதர். இவற்றையெல்லாம் திரட்டித் தந்தவர் மாலகாவில் பிறந்து 1248இல் (ஹிஜ்ரி 646) திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார். 'அரபு மருத்துவம்' என்று நாம் பெருமையோடு சுட்டும் மரபு இத்தகைய பல கைகளால் ஆனது. யூனானி என்ற பெயரே கிரேக்கரைக் குறிப்பதுதானே!

இப்னுல் பைத்தார் ராவந்தைச் சீனம், ஸன்ஜ், துருக்கி, ஷாம் என நால்வகையாகக் காண்கிறார். இதில் ஸன்ஜீ என்பது கிழக்காப்பிரிக்காவிலிருந்து வந்ததன்று. கருநிறத்தால் பெற்ற பெயர். பெயரை நம்பி ஊரை முடிவுசெய்யாதே என்னும் எச்சரிக்கை எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பியர் அதே பிழையை நெடுங்காலம் செய்தனர். சீனக் கிழங்கே உஸ்மானியத் துறைமுகங்கள் வழி வந்தபோது 'துருக்கி ருபார்ப்' ஆயிற்று. கியாக்தா எல்லைச் சந்தை வழி வந்தபோது 'ரஷ்ய ருபார்ப்'. கம்பெனிக் கப்பலில் ஏறியபோது 'கிழக்கிந்திய ருபார்ப்'.

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு வணிகர். காஸ்பியன் கரையின் கீலான் பகுதியைச் சேர்ந்த ஹாஜி முஹம்மது, பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் இக்கிழங்குடன் வெனிஸ் சென்றார். அவர் கூறியவற்றை ரமூஸியோ என்னும் அறிஞர் எழுதிவைத்தார்; 1559இல் அது அச்சேறியது. சீனத்தின் மேற்கெல்லையில் கிழங்கு விளையும் மலைகளைப் பற்றிச் சொன்ன ஹாஜி, அந்நாட்டார் அருந்தும் ஓர் இலைக் கஷாயத்தையும் குறிப்பிட்டார். அதன் அருமை பாரசீகத்துக்கும் ஃபிராங்க் நாட்டுக்கும் தெரிந்தால் வணிகர்கள் 'ராவந்த் சீனி'யை வாங்குவதையே விட்டுவிடுவார்கள் என்று சீனர்கள் சொல்வார்களாம். அந்த இலை தேயிலை. அவர் வெனிஸில் சொன்ன 'ராவந்த் சீனி'யும் கோவைக் கடைக்காரர் சொல்லும் 'ரேவல் சின்னி'யும் ஒரே சொல்.

இன்று நம் கடைகளுக்கு வரும் கிழங்கு பெரும்பாலும் இமயமலைச் சாதி. பெயரில் மட்டும் சீனம் எஞ்சியிருக்கிறது. அதனால் கேடில்லை. கேடு 'பால்' என்பதில் இருக்கிறது. ரேவல் சின்னிப் பால் அக்கிழங்கின் சாறன்று. அது குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த, சயாம், கம்போடியா பகுதிகளில் வளரும் ஒரு மரத்தின் மஞ்சள் பிசின், ஓவியர்களுக்கு வண்ணம். யூனானியில் இதனை உஸாரா ரேவந்த், அதாவது ரேவந்தின் சாறு, என்று அழைத்தார்கள். இரண்டும் மஞ்சள், இரண்டும் பேதி மருந்து என்பதால் நேர்ந்த மயக்கமாகலாம். கிழங்கு குறைந்த அளவில் வயிற்றோட்டத்தைக் கட்டும். மிகுந்தால் கழியச் செய்யும். பிசினோ கடும்பேதி, அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து.

ஆங்கிலச் சொல்லிலும் இக்குழப்பம் உண்டு. அவர்கள் சர்க்கரையிட்டுச் சமைக்கும் புளிப்புத் தண்டும் ருபார்ப், மருந்து வேரும் ருபார்ப். (நாடக மேடையில் கூட்டத்தின் முணுமுணுப்பாகத் துணைநடிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இச்சொல்லையே.) பாரசீகத்தில் தண்டு ரீவாஸ், வேர் ரேவந்த். தமிழில் தண்டுக்குப் பெயரில்லை. ஆங்கிலச் சமையற்குறிப்பை அகராதி வைத்து மொழிபெயர்ப்பவர் இனிப்புப் பண்டத்துக்குப் பேதிக் கிழங்கை எழுதிவிடக்கூடும். அச்செடியின் இலையோ நஞ்சு.

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கடைக்காரரையே கேட்டேன். கிழங்குத் துண்டுகளைத் தராசில் இட்டபடி அவர் சொன்னார்: "ரெண்டும் வேற வேறைங்க. கிழங்கு கேட்டாக் குடுத்துருவோம். பாலுன்னா, வைத்தியர் எழுதுன சீட்டு வேணுங்க."