ஏரிக்கரையில் விடுமுறை வீடு: சிங்கப்பூரிலிருந்து வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தின் வகை

சிங்கப்பூரில் ‘சாலே’ என்றால் வாடகைக்கு எடுப்பதுதான். பாசிர் ரிஸ், சாங்கி பக்கம் இரண்டு இரவுக்கு ஒன்றை எடுத்து, கரியடுப்பில் கோழி வாட்டி, பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது. அப்படியொரு வீட்டைச் சொந்தமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வரும்போது சிராங்கூன் வட்டாரத் தமிழர் பலரின் கண் தமிழ்நாட்டு மலைகளுக்குப் போகிறது. கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, ஏலகிரி ஆகிய நான்கு ஊர்களிலும் ஏரி உண்டு. ஏரியைக் காட்டி வீடு விற்பவர்களும் உண்டு.

விளம்பரத்தில் பனி, படகு, பூந்தோட்டம், மாதத் தவணை எல்லாம் இருக்கும். அந்த நிலம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. வெளிநாட்டில் வசிக்கும் ஒருவரால் அதை வாங்க முடியுமா, முடியாதா என்பது அந்தப் பதிவில்தான் இருக்கிறது.

கொடைக்கானலில் முதலில் வீடு கட்டியவர்களும் வெளியூர்க்காரர்கள்தாம். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப 1845-ல் அங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினர். இன்று எல்லாரும் படம் பிடிக்கும் ஏரி இயற்கையானதன்று. மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் 1863-ல் உருவாக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மலையேறி வந்தவரைப் பட்டா எங்கே என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது கேட்பார்கள்.

யார் வாங்கலாம், எதை வாங்கலாம்

இந்தியாவின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2019-ல் வந்த விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டை வைத்திருப்போரும் இந்தியாவில் வீடு, வீட்டு மனை, கடை ஆகியவற்றை வாங்கலாம். எத்தனை வாங்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. வேளாண் நிலம், பண்ணை வீடு, காபி, தேயிலை போன்ற பயிர்களுக்கான தோட்ட நிலம் ஆகிய மூன்றை மட்டும் வாங்கக் கூடாது.

மலையில் விற்பனைக்கு வருபவற்றில் பல இந்த மூன்றுக்குள் அடங்குபவை என்பதே சிக்கல். ஏற்காட்டில் காபியும் மிளகும், நீலகிரியில் தேயிலையும், பழனி மலைச்சரிவுகளில் காபியும் மலைவாழையும் விளைகின்றன. ஒரு தோட்டத்தைப் பத்து, இருபது சென்ட்டாகக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறிலும் ஓட்டு வீடு ஒன்றைக் கட்டி, ‘எஸ்டேட் வில்லா’ என்று பெயர் வைத்துவிட்டால் பார்ப்பதற்கு அது வீடுதான். பதிவேட்டில் தோட்டமாகவே இருந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது தோட்டம்தான்.

மலாயாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு ‘எஸ்டேட்’ என்ற சொல்லிலேயே ஓர் ஈர்ப்பு உண்டு. பாட்டனார் பால்மரம் சீவினார், பேரனுக்கு ஒரு காபித் தோட்டத்து மூலையாவது சொந்தமாக இருக்கட்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் விற்பவர்களும் இந்த ஆசையை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

வேலை அனுமதிச் சீட்டிலோ எஸ் பாஸிலோ இங்கு இருப்பவர்களிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. “நான் இந்தியப் பாஸ்போர்ட்காரன், எனக்கு என்ன தடை?” என்பது அது. இந்தத் தடைக்குக் குடியுரிமை மட்டும் அளவுகோல் அன்று, வசிக்கும் இடமும் அளவுகோல். வேலைக்காக வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனும் அங்கிருந்தபடி புதிதாக வேளாண் நிலம் வாங்க முடியாது. சிங்கப்பூருக்கு வருமுன் வாங்கியிருந்தால் அதைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். ஊரில் வசிக்கும் தந்தையின் நிலம் வாரிசு உரிமையாக வந்தாலும் வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் அதை விற்பதானால் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே விற்க முடியும்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஓசிஐ அட்டைதான் வாசல். இந்தியக் குடிமகனாக இருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை ஆகியோருடன் கொள்ளுப்பேரப்பிள்ளைகளுக்கும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அந்த வாசலைத் திறந்தது. கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதற்கான தாளைத் தேடிப் பிடிப்பது வேறு வேலை. அட்டை இல்லாத வெளிநாட்டவர், ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றி வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகைக்கு மட்டும் எடுக்கலாம். கணவன் மனைவியரில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேராதவர் என்றால், திருமணம் பதிவாகி இரண்டாண்டாவது ஆகியிருக்கும் நிலையில், தகுதியுள்ள துணையுடன் கூட்டாக ஒரு சொத்தை வாங்கலாம். அதுவும் மேற்சொன்ன மூன்று வகையாக இருக்கக் கூடாது.

விதியை மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

தம்பி பெயரில் வாங்குவது

“உங்கள் பெயரில் முடியாவிட்டால் என்ன, ஊரில் இருக்கும் தம்பி பெயரில் முடித்துவிடலாம்” என்று தரகர் சொல்வது வழக்கம். சிங்கப்பூரிலிருந்து பணம் போகும், பத்திரம் தம்பி பெயரில் வரும், வீடு அண்ணனுடையது என்பது வாய்ப்பேச்சு. இதற்குச் சட்டத்தில் பினாமி என்று பெயர்.

1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் 2016-ல் கடுமையாக்கப்பட்டது. மனைவி அல்லது கணவன் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் கணக்கில் உள்ள பணத்தால் வாங்குவதற்கு விலக்கு உண்டு. உடன்பிறந்தார், பெற்றோர் என்றால் பணம் கொடுத்தவரின் பெயரும் பத்திரத்தில் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். வேளாண் நிலத்தில் வெளிநாட்டில் வசிப்பவரின் பெயர் ஏறவே முடியாது என்பதால் இந்த விலக்கும் அங்கே உதவாது. குற்றம் நிரூபணமானால் ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம். சொத்தும் அரசிடம் போய்விடும்.

பெற்றோருக்குப் பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்து, அவர்கள் தங்களுக்கென்றே நிலம் வாங்கிக்கொள்வது வேறு. அது முறையானது. ஆனால் அந்த நிலம் அவர்களுடையது. உடன்பிறந்தார் எல்லாருக்கும் நாளை அதில் பங்கு வரும். இதை ஏற்றுக்கொள்ள மனம் இருந்தால் செய்யலாம். சட்டத்தின் பிடிக்கு முன்பாகவே குடும்பத்துக்குள் பேச்சு நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

பதிவேட்டில் பார்க்க வேண்டியவை

முன்பணம் கொடுக்குமுன் சர்வே எண்ணை உட்பிரிவுடன் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை. எண் கிடைத்தால் தமிழ்நாடு அரசின் இணையத் தளங்களில் பட்டா, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சிங்கப்பூரில் இருந்தபடியே பார்க்கலாம்.

பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று இருந்தால் வேளாண் நிலத்தில் இருந்து வந்தது என்று பொருள். அதை மனையாக மாற்றியதற்கான ஆணையும், நகர் ஊரமைப்பு இயக்ககம் ஒப்புதல் அளித்த மனைப்பிரிவு வரைபடமும் வேண்டும். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட தாள் அதற்கு ஈடாகாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளைக் கணக்கில் எடுத்தது. “பிறகு ரெகுலரைஸ் செய்துகொள்ளலாம்” என்று இன்று யாராவது சொன்னால் இந்தத் தேதியை நினைவில் கொள்வது நல்லது.

மலைக் கிராமங்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. 1990-ல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் கிராமத்தின் பெயர் இருந்தால், மனைப்பிரிவுக்கும் கட்டுமானத்துக்கும் வனத்துறை உள்ளிட்ட துறைகளின் தடையின்மைச் சான்று தேவைப்படும். எட்டு வீடுகளுக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ உள்ள திட்டம் என்றால் ‘ரெரா’ எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் தளத்தில் சரிபார்க்கலாம்.

ஏரிக்கு மிக அருகில் என்று சொல்லப்படும் இடத்தைக் கூடுதலாக ஒருமுறை பார்க்க வேண்டும். அ-பதிவேட்டில் ‘ஏரி புறம்போக்கு’, ‘ஓடை’ என்று இருந்தால் அது அரசு நிலம். வீடு எத்தனை அழகாக இருந்தாலும் ஆக்கிரமிப்புதான். பஞ்சமி நிலமும் அப்படியே. பிரிட்டிஷ் காலத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையுடன் வழங்கப்பட்ட அந்த நிலத்தைப் பிறர் வாங்கினால் செல்லாது.

ஏட்டளவில் மட்டும் இருக்கும் சட்டங்கள் அல்ல இவை. 2018 ஆகஸ்டில் நீலகிரி யானை வழித்தடத்தில் இருந்த 27 விடுதிகளை மூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பும் வந்தது. கொடைக்கானலில் அனுமதியின்றி விடுதிகளாக நடத்தப்பட்ட கட்டடங்களுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் 2019-ல் சீல் வைக்கப்பட்டது.

சிங்கப்பூரில் கவனிக்க வேண்டியவை

ஊரில் வாங்கும் வீடு இங்குள்ள கழக வீட்டைத் தொடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியுமுன் தனியார் வீடு வாங்கக் கூடாது. வெளிநாட்டு வீட்டுக்கும் இது பொருந்தும். பொதுவாக அது ஐந்தாண்டு. பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்குப் பத்தாண்டு.

புதிய பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கும் இளையர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் பெயரில் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ தனியார் வீடு இருக்கக் கூடாது. முந்தைய 30 மாதங்களில் விற்றிருக்கவும் கூடாது. அன்பளிப்பாக வந்ததும் வாரிசு உரிமையாக வந்ததும் இதில் சேரும். அப்பா ஆசையாக மகள் பெயரில் ஏற்காட்டு வீட்டை எழுதிவைத்தால், மகளும் மருமகனும் பொங்கோலில் வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

மத்திய சேம நிதியை வெளிநாட்டு வீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. இங்குள்ள வங்கியில் கடன் வாங்கினால், எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து மொத்த வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வெளிநாட்டுச் சொத்துக்கும் உண்டு. சிங்கப்பூரில் அந்த வீட்டை விற்கும் முகவர், சொத்து முகவர் மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

வீட்டை விற்காமல் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை விற்கும் ‘டைம் ஷேர்’ தனி ரகம். அதில் நிலம் கைக்கு வருவதில்லை. சிங்கப்பூரில் அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஐந்து வேலை நாள்களுக்குள் அதை ரத்து செய்யலாம்.

பணமும் பத்திரமும்

பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து அனுப்பலாம், அல்லது இந்தியாவிலுள்ள என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் இருந்து கொடுக்கலாம். வெளிநாட்டு நோட்டுகளைக் கையில் கொடுப்பது விதிமீறல். விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். வங்கிச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் விற்கும் நாளில் பணத்தை இங்கே கொண்டுவர முடியும். என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்தின் மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 விழுக்காடு, மேல்வரி தனி.

நேரில் போக முடியாதவர்கள் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். இந்தியத் தூதரகத்தில் சான்று பெறலாம். சிங்கப்பூர் 2021 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் அந்த வழியும் உண்டு. இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அதில் ‘விற்கவும் வாங்கவும்’ என்று பொதுவாக எழுதாமல், எந்தச் சர்வே எண், எந்தச் செயல் என்று குறிப்பிட்டு எழுதுவதே பாதுகாப்பு.

தங்காத நாள்களில் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டிவிடலாம் என்பது விற்பனைப் பேச்சில் வரும் கடைசிக் கணக்கு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 மார்ச்சில், கோடைக் காலத்தில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. ஆண்டு முழுவதும் அறை நிரம்பும் என்று சொல்பவரின் கணக்கில் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்க்கலாம்.