ஈயக் குட்டைகளில் நாரைகள்: கிந்தா பள்ளத்தாக்கு வரலாற்றில் ஒரு பக்கம்

பேராக் மாநிலக் கிந்தா பள்ளத்தாக்கின் வரலாறு பெரும்பாலும் ஈயத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஈயம் தோண்டிய இடத்தில் எஞ்சிய நீர்நிலைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜா வட்டாரத்தில் அமைந்துள்ள கிந்தா இயற்கைப் பூங்கா அதற்குச் சான்றாகும்.

இப்பகுதியில் ஈயம் எடுத்த மிதவைக் கப்பல்கள், தாம் தோண்டிய குளத்திலேயே மிதந்தன. முன்புறம் வாளிச் சங்கிலியால் மண்ணை அள்ளி, ஈயத்தைப் பிரித்து, எஞ்சிய மணலைப் பின்புறம் கொட்டியவாறே அவை நகர்ந்தன. 1938இல் கட்டப்பெற்ற தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் கப்பல் 1982இல் பணியை நிறுத்தியது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தபின் விலை சரிந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன.

கைவிடப்பட்ட பள்ளங்களில் மழைநீரும் ஊற்றுநீரும் தேங்கின, மீன்கள் பெருகின. மணல் திட்டுகளில் புதரும் மரமும் மெல்ல வளர்ந்தன. நாற்புறமும் நீர் சூழ்ந்த திட்டுகளை மனிதரும் விலங்கும் எளிதில் அணுக இயலாது. கூட்டமாகக் கூடு கட்டும் சாம்பல் நாரை, செந்நாரை, பெரிய வெண்கொக்கு, சின்ன வெண்கொக்கு, இராக்கொக்கு ஆகியன அங்குக் குடியேறின. மலேசியாவின் முதன்மையான நாரைக் குடியிருப்புகளுள் ஒன்றாக இன்று அது கருதப்படுகிறது.

மனிதர் அமைத்த நீர்நிலையில் பறவைகள் தங்குவது தமிழர்க்குப் புதிதன்று. வேடந்தாங்கல் ஏரி பாசனத்திற்கானது. பறவையெச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாயிற்று. ஆதலால் ஊரார் பறவைகளைக் காத்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அவ்வுரிமையை ஆட்சியர் லயனல் பிளேஸ் ஏற்று ஆணை வழங்கினார்.

கிந்தாவின் நிலை வேறு. இங்குக் குளமும் பறவையும் ஒரு தொழிலின் எச்சங்கள். பறவைகளோடு பிழைப்பால் பிணைந்த ஊர் இல்லை. பறவைகளுக்குப் புகலிடமான அதே மணலுக்குக் கட்டுமானச் சந்தையில் விலை உண்டு. மணல் தோண்டல் இப்பகுதிக்கு அச்சுறுத்தலாய் இருந்து வந்துள்ளது.

ஏரி பறவையை ஈர்க்கும்; ஆயின் அதைக் காப்பது ஊரின் உறவேயாகும். தோட்டப்புறங்களை அடுத்து இத்தகைய குட்டைகளைக் கண்டு வளர்ந்த பேராக் தமிழர்தம் நினைவுகளைத் தொகுத்தலும், மாணவர்க்கு இவ்வரலாற்றைக் கற்பித்தலும் அவ்வுறவுக்குத் தொடக்கமாகலாம்.