நெடிய இல்லறமும் நெடுந்தொடரும்

பல்லாண்டுகள் கடந்த மணவாழ்க்கையின் அன்றாடத்தை அவசரமின்றிச் சொல்லும் தொலைக்காட்சி நாடகம் தமிழில் எப்படி உருவாயிற்று என்பதை, தொலைக்காட்சி நிலையங்களின் வரலாற்றைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. அந்த நாடகத்தைப் பார்த்த குடும்பங்கள் எங்கே, எந்த வகை வீடுகளில் வாழ்ந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், செங்கல்பட்டு ரயில் தடத்தையும் ஜி.எஸ்.டி. சாலையையும் ஒட்டி வளர்ந்த கூடுவாஞ்சேரி அதற்குப் பொருத்தமான இடம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, நகரத்தில் வேலையும் நகரத்துக்கு வெளியே வீடுமாக வாழும் முறை இந்தத் தடத்தில் வேரூன்றியது. தாம்பரத்தோடு நிற்காமல் அது மேலும் தெற்கே பரவியபோது, ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்களின் விளைநிலங்கள் மனைப்பிரிவுகளாயின. சொந்த ஊரில் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் விட்டு வந்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் தொழிற்சாலைப் பணியாளர்களும் அவற்றில் கடன் வாங்கி வீடு கட்டினார்கள். கணவன் காலை மின்ரயிலைப் பிடித்துச் சென்று இருட்டிய பின் திரும்பும் அத்தகைய வீட்டில், மனைவியின் பகல் பெரும்பாலும் தனிமையில் கழிந்தது. இருவரும் பேசிக்கொள்ளக் கிடைத்தது இரவு உணவை ஒட்டிய சிறு பொழுதுதான். தமிழ்த் தொடர் தனக்கென்று பிடித்துக்கொண்டதும் அதே பொழுதைத்தான்.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இல்லற நாடகத்துக்கான கதை மரபு ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. லக்ஷ்மி, அநுத்தமா, ஆர். சூடாமணி முதலியோர் பத்திரிகைகளில் எழுதிய குடும்பக் கதைகள் சமையலறையையும் கூடத்தையும் கதைக்களங்களாக நிலைநிறுத்தியிருந்தன. சபா நாடகங்கள், அதாவது கலை மன்றங்கள் தம் உறுப்பினர்களுக்காக நடத்திய மேடை நாடகங்கள், மாமியார், மருமகள், சம்பளம், தனிக்குடித்தனம் ஆகியவற்றையே பொருளாகக் கொண்டு அரங்கை நிறைத்தன. இவ்விரண்டையும் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. வாரம் ஒரு பகுதியாகப் பதின்மூன்று வாரங்களில் முடிவது தூர்தர்ஷன் தொடருக்குப் பழகிய அளவு. அந்த அளவு ஒரு கட்டுப்பாடாக இருந்தாலும் எழுத்தாளருக்கு நன்மையும் செய்தது: முடிவு தெரிந்திருந்ததால் கதையை இழுக்க வேண்டிய தேவை இல்லை, ஒரு வாரம் இடைவெளி இருந்ததால் உரையாடலைத் திருத்தி எழுத நேரமும் கிடைத்தது.

தொடரை நீளச் செய்தது விளம்பரம். அமெரிக்க வானொலியில் 1930-களில் சோப்பு உற்பத்தி நிறுவனங்களின் ஆதரவோடு பகல் நேரத்தில் இல்லத்தரசிகளுக்காக ஒலிபரப்பான குடும்ப நாடகங்களே உலகெங்கும் இவ்வகைக்கு முன்னோடி. அவற்றுள் 1937-இல் தொடங்கிய ஒன்று, பின்னர் தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை நீடித்தது. இந்தியாவில் 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை ஒளிபரப்பான ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடர், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சாதாரண நாள்கள் நாடு முழுவதையும் ஈர்க்கும் என்பதையும், ஈர்த்த கண்களைப் பொருள் விற்போர் விலைகொடுத்து வாங்குவார்கள் என்பதையும் ஒருசேரக் காட்டியது.

தமிழில் இந்தப் பாடத்தைத் தரம் குறையாமல் கையாண்டவர்களில் முதன்மையானவர் கே. பாலசந்தர். ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’ ஆகிய தொடர்கள் திரைப்படத்தில் சொல்ல இடமில்லாத உறவுகளை வாரந்தோறும் நிதானமாக விரித்தன. அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயரை வைத்து, வில்லனோ சதியோ இல்லாமல், இருவரின் சில்லறைச் சச்சரவுகளையே முழுக் கதையாக்கியது. தமிழ்த் தொலைக்காட்சியில் மணவாழ்க்கையை இரண்டு பேரின் பேச்சாகக் கண்ட தொடர்களில் இதற்கு உயர்ந்த இடம் உண்டு; நகைச்சுவை என்று வகைப்படுத்தியதாலேயே அந்த இடம் அதற்கு உரிய அளவில் தரப்படவில்லை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கியது. கேபிள் கம்பி தெருத்தெருவாக வந்தது. வார நாடகம் தினசரி நாடகமாக மாறிற்று. 1999-இல் தொடங்கிய ராதிகாவின் ‘சித்தி’ அந்த மாற்றத்தை உறுதிப்படுத்தியது. அதன் பின் வந்தவற்றுள் திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ (2002–2005) தனித்து நிற்கிறது. மணமான பெண்ணின் கால்விரலில் அணியும் மெட்டியைத் தலைப்பாகக் கொண்ட அத்தொடர், ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்ற தந்தை அவர்களை ஒவ்வொருவராகக் கட்டிக்கொடுப்பதையும், கட்டிக்கொடுத்த இடத்தில் அவர்கள் படும் பாட்டையும் 800-க்கும் மேற்பட்ட பகுதிகளில் சொன்னது. டெல்லி குமார் ஏற்ற அந்தத் தந்தை வேடத்தில் வீரமும் இல்லை, பெரிய வசனமும் இல்லை. சம்பந்தி வீட்டு வாசலில் தயங்கி நிற்கும் ஒரு மனிதரின் கூச்சமே அங்கு நாடகமாயிற்று. சீர்வரிசை, தலைத்தீபாவளி, பிள்ளைப்பேறு என்று கதை நகர்ந்த ஒவ்வொரு கட்டமும், பார்த்தவர் வீட்டில் நடந்து முடிந்தது அல்லது நடக்கவிருந்தது. அதனாலேயே அத்தொடரின் மெதுவான நடையை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

மெதுவான நடைக்குத் தொழில் சார்ந்த காரணங்கள் பல இருந்தன. வாரத்துக்கு ஐந்து பகுதி என்றால் ஆண்டுக்கு 260 பகுதி. அரைமணி நேரத்தில் விளம்பரம் போக ஏறத்தாழ 22 நிமிடங்களை நாள்தோறும் நிரப்ப வேண்டும். நடிகர் ஒருவர் இத்தனை நாள் வருவதாகத் தரும் ஒப்புதலாகிய கால்ஷீட் குறையும்போது, இருக்கிறவரை வைத்தே காட்சியை நீட்ட வேண்டும். ஒரு சொல்லைக் கேட்டதும் கூடியிருப்போர் அனைவரின் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டும் வழக்கம் இதனால் பெருகியது. ஆனால் பார்ப்போர் தரப்பிலும் ஒரு காரணம் இருந்தது என்பதைத் திறனாய்வாளர்கள் போதிய அளவு கருதவில்லை. மாவு பிசைந்துகொண்டோ, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டோ, அடுக்களையிலிருந்து காதால் மட்டும் தொடரைப் பின்பற்றும் பெண்ணுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் கதைதான் பயன்படும். இடையில் குக்கரை இறக்கிவிட்டு வந்தாலும் இழை அறுந்துவிடக் கூடாது. 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கிய பிறகு, புறநகரின் குடிசை வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் இதே நாடகம் சென்று சேர்ந்தது.

இழப்பு வேறு இடத்தில் நேர்ந்தது. ஆயிரம் பகுதிகளைத் தாண்டி ஓட வேண்டிய கதைக்குக் கணவன் மனைவி இருவர் போதவில்லை. அண்ணன், நாத்தனார், பங்காளி, தொழிற்போட்டியாளர் என்று ஆள் கூடக்கூட, சொத்தும் சூழ்ச்சியும் முன்னே வந்தன. இல்லறம் வீட்டுச் சண்டையின் களமாகச் சுருங்கியது. கிடைத்த நீண்ட நேரம் வஞ்சத்துக்குச் செலவாயிற்று. இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவர் எதைப் பேசிக்கொள்கிறார்கள், எதைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதற்கு அதில் இடம் தரப்படவில்லை. சுவீடனில் இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1973-இல் ஆறே பகுதிகளில் ஒரு தம்பதியின் மணவாழ்க்கை முழுவதையும் தொலைக்காட்சியில் நிறுத்திக் காட்டியதோடு ஒப்பிட்டால், தமிழ்த் தொடரிடம் இருந்த நேரத்தின் அளவும் அது வீணான அளவும் விளங்கும்.

2020-இல் விஜய் டி.வி.யில் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’ இந்தக் குறையை ஓரளவு உணர்ந்தது. வங்காள மொழியின் ‘ஸ்ரீமொயி’யைத் தழுவிய அத்தொடரின் நாயகி, வளர்ந்த பிள்ளைகளைப் பெற்ற, கணவனால் மதிக்கப்படாத இல்லத்தரசி. மராத்தி, இந்தி ஆகிய மொழிகளிலும் அதே கதை வரவேற்புப் பெற்றதிலிருந்து, நடுவயது மனைவியின் உழைப்பு நாடு முழுவதும் கணக்கில் வராமல் கிடந்த ஒன்று என்பது தெளிவாகிறது. கணவனின் இரண்டாம் உறவு கதையை வழக்கமான பாதைக்குத் திருப்பிய பின்னும், சமையலையே தொழிலாக்கி அவள் சம்பாதிக்கத் தொடங்கும் பகுதிகளில் அன்றாடத்தின் எடை இருந்தது.

மேடை நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் தமிழில் வரலாற்று நூல்கள் பல உள்ளன. அவற்றைவிடப் பல மடங்கு மக்கள் நாள்தோறும் பார்த்த தொடர்களுக்கு அந்த மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே மட்டும் எத்தனையோ கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் எழுந்துள்ள நிலையில், அவற்றின் தமிழ்த் துறைகளும் காட்சித் தொடர்பியல் துறைகளும் அருகிலுள்ள வீடுகளுக்குச் சென்று, இத்தொடர்களைப் பார்த்து முதிர்ந்த பெண்களிடம் அவர்கள் பார்த்ததையும் கேட்டதையும் பதிவுசெய்து வைக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே அது செய்யப்பட வேண்டும்.