திருச்சியும் திருவரங்கமும்: அஞ்சல் குறியீட்டு எண்ணின் வரலாறு

அஞ்சல் குறியீட்டு எண் (பின்கோடு) என்பது கடிதங்களைப் பிரித்து அனுப்புவதற்காக இந்திய அஞ்சல் துறை பயன்படுத்தும் ஆறு இலக்க எண் ஆகும். திருச்சிராப்பள்ளித் தலைமை அஞ்சலகத்தின் எண் 620001. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த திருவரங்கத்தின் எண் 620006. ஓர் ஊருக்குத் தபால் எந்த வழியாகச் செல்கிறது என்பதையே இவ்வெண் குறிக்கிறது. மாவட்ட எல்லையை இது பின்பற்றுவதில்லை.

தோற்றம்

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதும், முகவரிகள் பல மொழிகளில் எழுதப்படுவதும் தபால் பிரிப்போருக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தன. திருச்சியில் ஒரு புத்தூர் உண்டு. ஆந்திரப் பிரதேசத்திலும் ஒரு புத்தூர் உண்டு. திருவரங்கம், ஸ்ரீரங்கம் என ஒரே ஊரை இரு விதமாக எழுதுவோரும் உளர். இக்குழப்பத்தைத் தீர்க்க, மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் இம்முறையை வகுத்தார். இவர் சமற்கிருத அறிஞரும் கவிஞரும் ஆவார். 1972 ஆகத்து 15 அன்று இம்முறை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டிலேயே இத்தகைய எண்முறை தொடங்கப்பட்டிருந்தது.

எண்ணின் அமைப்பு

முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். நாட்டில் எட்டு நிலவியல் மண்டலங்கள் உள்ளன. 9 என்பது படைத்துறை அஞ்சலுக்கு உரியது. தமிழ்நாடும் கேரளமும் 6ஆம் மண்டலத்தில் அடங்கும். இரண்டாம் இலக்கம் துணை மண்டலத்தையும், மூன்றாம் இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டத்தையும் காட்டும். கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு உரியவை.

ஆகவே 620 என்று கண்டவுடன் கடிதம் திருச்சிக்கு உரியது என்பது விளங்கிவிடும். அடுத்துள்ள 005 திருவானைக்காவலையும், 006 திருவரங்கத்தையும், 018 தில்லைநகரையும் சுட்டும். திருவரங்கத்தார் தம் முகவரியைச் சுருக்கமாக 'திருச்சி-6' என்று எழுதுவதும் இதனாலேயே.

நாட்டில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் உள்ளன. குறியீட்டு எண்களோ சுமார் 19,000 மட்டுமே. எனவே பல சிற்றூர்க் கிளை அஞ்சலகங்கள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன.

மாவட்டம் மாறினும் மாறாத எண்

1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி உருவானபோது திருவரங்கம் நகராட்சி அதனுடன் இணைந்தது. நகராட்சி மறைந்தது, 620006 இன்றும் நிற்கிறது. 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து பிரிந்த அரியலூர், 2007 முதல் தனி மாவட்டமாக உள்ளது. ஆயினும் பெரம்பலூர் 621212, அரியலூர் 621704 என, இரண்டும் திருச்சி மாவட்டத்து முசிறி (621211), மணப்பாறை (621306) ஆகியவற்றைப் போல 621 என்றே தொடங்குகின்றன. பழைய பெரிய திருச்சி மாவட்டத்தின் சுவடு இவ்வெண்களில் எஞ்சியிருக்கிறது.

ஏனாம் மற்றோர் எடுத்துக்காட்டு. அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் ஆந்திரத்தின் நடுவே இருப்பதால் அதன் எண் (533464) 5இல் தொடங்குகிறது.

பயன்பாடு

கடிதம் குறைந்துவிட்ட இக்காலத்திலும் வங்கிக் கணக்கு, ஆதார், கூரியர், இணையவழி வணிகம் எனப் பலவற்றிலும் இவ்வெண் கேட்கப்படுகிறது. முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டு மாவட்டத்தை முடிவு செய்தால், அரியலூர்க்காரர் திருச்சி மாவட்டத்தவர் ஆகிவிடுவார். ஆதலால் படிவங்களில் மாவட்டத்தின் பெயரைத் தனியே எழுதுவது அவசியமாகும்.

2025இல் அஞ்சல் துறை 'டிஜிபின்' என்னும் பத்து எழுத்தெண் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. இது ஏறத்தாழ நான்கு மீட்டர் பக்க அளவுள்ள சதுரம் வரை இடத்தைச் சுட்டும். பின்கோடு அஞ்சலகத்தைக் காட்டுகிறது. டிஜிபின் வீட்டு வாசலையே காட்டுகிறது.