மதுரையில் கொரோனா ஊரடங்கு (2020–2021)

தமிழ்நாட்டில் கொரோனா நோயால் நேர்ந்த முதல் உயிரிழப்பு மதுரையில் பதிவானது. 2020 மார்ச் 25 அதிகாலையில், அரசு இராசாசி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த 54 வயதுடைய ஒருவர் இறந்தார். அவர் வெளிநாடு சென்று வந்தவர் அல்லர். நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் அதே நாளில்தான். அடுத்த பதினான்கு மாதங்களில் பொதுவான ஊரடங்கிற்கு மேலாக மதுரையில் மூன்று முறை தொடர்ச்சியான முழு ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஊரடங்கு தேவை என்பதைப் பலரும் ஏற்றனர். அது நடத்தப்பட்ட விதமே குறைகூறலுக்கு உள்ளானது.

முதல் முழு ஊரடங்கை முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி ஏப்ரல் 24 அன்று அறிவித்தார். சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரை மளிகை, காய்கறிக் கடைகள்கூடத் திறக்கப்படாது என்றது அறிவிப்பு. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். ஏப்ரல் 25 அன்று கடைகளில் மக்கள் முண்டியடித்தனர். ஒரு மாதமாகக் காத்துவந்த தனிமனித இடைவெளி அரை நாளில் கரைந்தது. வீட்டில் நான்கு நாளுக்கான அரிசி, பருப்பு இல்லாதவர் கடைக்கு ஓடுவார் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து, இணையவழி ஒளிபரப்பானது. கள்ளழகர் வைகையில் இறங்கும் விழா ரத்தானது. கோயில்களும் திருமண மண்டபங்களும் மூடிக்கிடந்ததால், சுற்றுவட்டாரத்து மல்லிகை விவசாயிகளுக்குப் பறிப்புக் கூலிகூடக் கட்டுபடியாகவில்லை.

ஜூன் மாதம் சென்னையிலிருந்து பலர் ஊர் திரும்பியபோது தொற்று வேகமெடுத்தது. ஜூன் 24 முதல் மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. முதலில் ஜூன் 30 வரை என்றார்கள். பிறகு ஜூலை 5, ஜூலை 12, கடைசியாக ஜூலை 14 என நீண்டது. முடியும் நாள் தெரியாததால் தினக்கூலிக்காரர்கள் எதையும் திட்டமிட முடியவில்லை. பரிசோதனைகளின் எண்ணிக்கை போதாது என்று மதுரை மக்களவை உறுப்பினர் சு. வெங்கடேசன் தொடர்ந்து வலியுறுத்தினார். ஊரடங்கு பரவலைத் தள்ளிப்போடும். அந்த இடைவெளியில் நோயாளிகளைக் கண்டுபிடிக்காவிட்டால் பயன் குறைவு. வார்டுதோறும் காய்ச்சல் முகாம்கள் பரவலாக நடத்தப்பட்டது இக்கட்டத்தில்தான். ஜூலையில் மதுரையைச் சேர்ந்த அமைச்சர் செல்லூர் கே. ராஜுவுக்கும் தொற்று உறுதியானது.

2021 மே 7 அன்று மு. க. ஸ்டாலின் தலைமையில் புதிய அரசு பொறுப்பேற்றது. மே 24 முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு என்று மே 22 அன்று அறிவித்து, இரண்டு நாட்கள் கடைகளைத் திறக்க அனுமதித்தது. மறுபடியும் கூட்டம். ஆட்சி மாறியும் பழைய தவறு மாறவில்லை. ஆனால் இம்முறை காய்கறியும் பழமும் வண்டிகளில் தெருத்தெருவாக வந்தன.

அந்த மே மாதத்தில் ஆக்சிசன் படுக்கைக்கு அலைந்தவர்களின் துயரமே பெரிது. மதுரைக்குத் தெற்கே தோப்பூரில் 500 ஆக்சிசன் படுக்கைகள் கொண்ட தற்காலிக மையத்தை மே 21 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தார். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 சனவரியில் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டியதும் இதே தோப்பூருக்குத்தான். பெருந்தொற்றின் இரண்டு அலைகளிலும் அங்கே சுற்றுச்சுவருக்கு மேல் கட்டடம் எழவில்லை. அதன் முதல் மாணவர்கள் 2022இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் வகுப்பில் சேர்ந்தனர்.