முடிஞ்சுதுங்களா?

பழைய ஆபீஸ் டெலிபோன் போர்டின் படத்தை அனுப்பி, "இது எந்தக் காலத்தது?" என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்பார்கள். நான் பதிலுக்குக் கேட்கும் முதல் கேள்வி: கூடவே வந்த போன்களில் சுற்றுகிற கைப்பிடி இருக்கா? கம்பெனி பெயரெல்லாம் அப்புறம்தான்.

செவ்வாய்ப்பேட்டை மண்டியோ, ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ பேக்டரியோ, நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸோ இடிபடும்போது பரணிலிருந்து இப்படி ஒரு மரப்பெட்டி இறங்கலாம். இறங்கினால் நேராகப் பழைய இரும்புக் கடைதான். உள்ளே செம்புக் கம்பி, ரிலே முனைகளில் துளி வெள்ளி. சேலத்தில் ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "பொட்டிக்கு ஒண்ணும் வராது தம்பி, உள்ள இருக்கற கம்பிக்குத்தான் காசு." அவர் கணக்கு சரிதான். எனக்கு அந்தப் பெட்டியும் அதில் ஒட்டிய காகிதத் துண்டுகளும் வேண்டும்.

இளையவர்களுக்காக ஒரு வரி. ஆபீசில் பத்து மேசையில் போன், ஊர் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதோ இரண்டு லைன். நடுவில் உட்கார்ந்து யாரை யாரோடு சேர்ப்பது என்று பார்த்துக்கொண்டது இந்தப் போர்டும் அதன் ஆபரேட்டரும். துளையில் செருகிய பிளக்கின் வம்சம் இன்னும் இருக்கிறது. உங்கள் எலக்ட்ரிக் கிடாரில் சொருகும் கால் அங்குல பிளக் அதன் நேர் வாரிசு.

போன்களில் கைப்பிடி இருந்தால் அது மேக்னெட்டோ வகை, மூத்த தலைமுறை. பேசுவதற்கான மின்சாரம் ஒவ்வொரு போனோடும் இருக்கும் பேட்டரியிலிருந்து வரும். கைப்பிடியைச் சுற்றினால் போர்டில் அந்த எண்ணுக்குரிய சின்ன மூடி 'டக்' என்று விழும். போர்டில் மட்டும் கைப்பிடி இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். பிந்தைய போர்டுகளிலும் மணி அடிப்பதற்கென்று ஆபரேட்டருக்கு ஒன்று வைத்திருப்பார்கள்.

இந்த வகையில் ஒரு சிக்கல் உண்டு. பேசி முடித்ததும் மறுபடி கைப்பிடியைச் சுற்றினால்தான் ஆபரேட்டருக்குத் தெரியும். நம்மாட்கள் சுற்றுவார்களா? போனை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அதனால் ஆபரேட்டர் சாவியைத் தட்டி லைனுக்குள் போய், "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாக வேண்டும். ஒட்டுக்கேட்பது என்று நாம் சொல்வது அங்கே வேலையின் ஒரு பகுதி.

ஸ்டார்ச், வெல்லம், நூல், லோடு வாடகை என்று விலைதான் ரகசியமாக இருந்த ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. மில் ஒன்றில் போர்டு பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவரிடம், பேசுவதைக் கேட்டீர்களா என்று கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். "கேக்காம எப்படிக் கண்ணு வயரப் புடுங்கறது? மெட்ராஸ்ல என்ன வெலைக்கு முடிஞ்சுதுன்னு கணக்கப்புள்ளைக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். வெளிய ஒரு வார்த்த போனதில்ல" என்றார். சம்பளப் பட்டியலில் இந்த வாய்மூடலுக்கு ஒரு பத்தி இருந்திருக்காது.

அடுத்த தலைமுறைப் போர்டில் குட்டி விளக்குகளைத் தேடுங்கள். மின்சாரம் இப்போது ஒரே இடத்திலிருந்து வருகிறது. போனை எடுத்தால் விளக்கு எரியும். பேசி முடித்துக் கீழே வைத்தால் வயர் ஜோடிக்கான விளக்கு எரிந்து, பேச்சு முடிந்ததைச் சொல்லிவிடும். கேட்கும் சாவி போர்டில் அப்படியே இருந்தது, கேட்க வேண்டிய அவசியம்தான் போய்விட்டது. என் கணக்கில் இந்தப் பொருளின் வரலாற்றில் இதுவே பெரிய மாற்றம்.

போர்டின் முகத்தில் டயல் இருந்தால், அது வேலைசெய்த ஊரில் எக்ஸ்சேஞ்ச் தானியங்கியாகிவிட்டது என்று பொருள். அந்தத் தானியங்கியின் பிறப்பிலும் ஆபரேட்டர் மீதான சந்தேகம் இருக்கிறது. அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர், தனக்கு வரும் அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாக நினைத்தார் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. கதை எப்படியோ, 1891-ல் காப்புரிமை கிடைத்தது. 1892-ல் இண்டியானாவின் லா போர்ட் ஊரில் அவர் முறையில் எக்ஸ்சேஞ்ச் ஓடியது. பெங்களூரில் 1948-ல் தொடங்கிய ஐ.டி.ஐ., பிரிட்டிஷ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு ஆரம்பத்தில் தயாரித்ததும் ஸ்ட்ரோஜர் வகைதான்.

ஆண்டைக் கண்டுபிடிக்க முத்திரைகள் உதவும். ஐ.டி.ஐ. தகடு இருந்தால் 1948-க்கு முன்னால் போக முடியாது. "பி அண்டு டி" என்று பொறித்திருந்தால் தபால் தந்தி இலாகா சொத்து, வாடகைக்கு வந்தது. அந்த இலாகா 1985-ல் அஞ்சல், தொலைத்தொடர்பு என்று இரண்டாகப் பிரிந்தது. ஆக இரண்டு குறியும் சேர்ந்திருந்தால் அந்த முப்பத்தேழு வருடங்களுக்குள் தேடினால் போதும். 1984-ல் தனியார் இத்தகைய கருவிகளைத் தயாரிக்க அனுமதி வந்ததும் விதவிதமான பிராண்டுகளில் எலக்ட்ரானிக் பெட்டிகள் மேசைக்கு வந்தன. அவற்றை அடையாளம் காண்பதில் பெரிய சுவாரஸ்யமில்லை, பேரே எழுதியிருக்கும்.

தயவுசெய்து பித்தளையைப் பாலிஷ் போடாதீர்கள். எந்தத் துளை அதிகம் தேய்ந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு அதற்கு மேலே ஒட்டிய காகிதத்தைப் படியுங்கள். நாமக்கல் பக்கம் ஒரு லாரி ஆபீஸ் போர்டில் 'முதலாளி', 'கணக்கு', 'குடோன்', 'கேட்' என்று நீல மையில் எழுதியிருந்தது. முதலாளி துளையின் பித்தளையில் இன்னும் மினுமினுப்பு இருந்தது; கேட் துளையின் விளிம்பு வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. ஏன் என்று அங்கே வேலைபார்த்த பெரியவர்தான் சொன்னார். வடக்கே போன டிரைவர்கள் டிரங்க் கால் போட்டால், வீட்டுக்காரம்மா கேட்டில் காத்திருந்து பேசுவாராம். மூணு நிமிஷக் கணக்கு. அந்தப் பக்கம் இந்தூர், நாக்பூர் என்று ஏதோ ஒரு ஊர். இந்தப் பக்கம் வாட்ச்மேன் ஸ்டூல்.

அந்தப் போர்டைப் படமெடுக்க மட்டும் விட்டார்கள். காகிதங்களோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.